வெறுங்கூடைக்கு எத்தனை ராத்தல்?

இல்லை, தந்தி எதுவும் வரவில்லை. மஸ்கெலியா பஸ் கண்டக்டர்தான் சொன்னான். திங்கட்கிழமை காலை, ஹட்டனில் பஸ் நிற்பதற்கு முன்பே மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"அச்சுக்கூடம்! டேய்! ஒங்க ரோசம்மா அக்கா போயிட்டாங்கடா!"

"எங்கடா? கொழும்புக்கா?" என்று நானும் கத்தினேன்.

அவன் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தான். பஸ் நிறையச் சனம் ஏறிக்கொண்டிருந்தது, ஒருவரிடமும் டிக்கெட் கேட்காமல் நின்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டவர், லயத்து வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்.

அவரைப் பற்றி உங்கள் இதழுக்கு எழுதித் தா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டவன். எழுத்துக் கோர்ப்பேன், லினோலியத்தில் படம் வெட்டுவேன். கட்டுரை எழுதியதில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ரோசம்மா மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. தொட்டில், பால், மூத்திரத்துணி, அழுகை. இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து, மிருகங்களை வைத்துக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித்தரும் படப்புத்தகம் ஒன்றைச் செய்தார். 'காட்டுக் கணக்கு' என்று பெயர். உங்கள் வீட்டில் ஒன்று இருக்கலாம். இல்லையென்றால் பக்கத்து லயத்தில் கேளுங்கள்.

முதல்முறை அவர் எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழையில் நனைந்து, சேலைத் தலைப்பால் ஒரு கட்டைப் பொத்திக்கொண்டு வந்தார். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கும் காகிதத்தில் கரியால் வரைந்த படங்கள். எடுத்து விரித்தேன்.

"இது என்னா, நாயா?"

"மரை."

"கொம்பு எங்க?"

"பொம்பள மரைக்குக் கொம்பு ஏது தம்பி? தெரியாதா?"

தெரியாதுதான். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "படம் அழகா இல்லியே" என்றேன். முகத்துக்கு நேராகச் சொல்வது என் பழக்கம். அதனால்தான் பள்ளியும் எனக்குச் சரிவரவில்லை.

அவர் கோபப்படவில்லை. "அழகா இருக்க வேணாம். புள்ளைங்க வெரல் வச்சு, ‘இது எங்க லயத்துக்குப் பின்னால வந்துச்சு’ன்னு சொல்லணும். அது போதும்" என்றார். பிறகு தன் பையிலிருந்து இந்தியாவிலிருந்து வந்த ஓர் எண்ணும் புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஒன்றுக்கு ஒட்டகம். இரண்டுக்கு இரண்டு சிங்கம். "நம்ம புள்ள ஒட்டகத்தை எங்க பாத்துச்சு? ஒட்டகம் என்னான்னு சொல்லிக் குடுக்கிறதுக்குள்ள ஒண்ணு என்னாங்கிறது மறந்துபோவுது. தெரிஞ்சதை வச்சு எண்ணட்டும். தெரியாததை அப்புறம் எண்ணிக்கலாம்."

எங்கள் முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையும் தோட்டத்துப் படிவங்களும் அடிக்கும் மனுஷன். "சின்னப் புத்தகம்தானே, சும்மா கெடக்கிற நேரத்துல அடிச்சுப்பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அப்படித்தான் தொடங்கியது.

அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது அவர் வருவார். நான் வெட்டிய படத்தைப் பார்ப்பார், குறை சொல்வார், நானும் சொல்வேன். முள்ளம்பன்றிக்கு மட்டும் நாங்கள் போட்ட சண்டையைச் சொன்னால் இந்த இதழ் போதாது. முள் ஒவ்வொன்றும் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக வேண்டும் என்றார். லினோலியத்தில் அதை வெட்டிப் பாருங்கள், தெரியும்.

அட்டைப்பூச்சிக் கதையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஜாம் போத்தலில் அட்டைகளைக் கொண்டுவந்து எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு உடம்பு கூசியது. காலெல்லாம் அட்டை கடித்து வளர்ந்தவன்தான். ஆனால் ஒருநாளும் அதை நின்று பார்த்தவனில்லை. உப்பு, இல்லையென்றால் சுண்ணாம்பு, அவ்வளவுதான் எங்களுக்கும் அட்டைக்கும் உள்ள உறவு.

"பாரு தம்பி" என்று ஒன்றை எடுத்து மேசைமேல் விட்டார். அது முன்வாயை ஊன்றியது. பின்வாயை இழுத்து அருகில் வைத்தது. மறுபடி முன்வாய்.

"என்னா செய்யுது?"

"போவுது."

"போகல. சாண் போடுது."

உண்மைதான். நாம் கையால் சாண் போட்டு அளப்பதுபோலவே அது மேசையை அளந்துகொண்டு போனது. அந்தப் பக்கத்தை அன்றே வெட்டினேன். பக்கத்தின் ஓரம் முழுக்க ஓர் அட்டை சாண் போட்டுப் போகும். இந்தப் பக்கம் எத்தனை அட்டைச்சாண் நீளம் என்று குழந்தை எண்ண வேண்டும். மருந்துக்காரரின் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி அட்டையின் கண்களையும் எண்ணியிருந்தார். பத்து. "கடிக்குறதுக்கு முன்ன நல்லாப் பாத்துட்டுத்தான் கடிக்குது" என்று சிரித்தார்.

இதற்குள் போத்தலை மூட மறந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் அலறல். வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் நின்றார். "ரோசம்மா! ஒன் புஸ்தகம் என் காலை வாசிக்குதும்மா! எடு, எடு!" அக்கா சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். புத்தகத்தில் கொழுந்து நிறுக்கும் பக்கம் ஒன்று உண்டு. கரடி தராசைத் தொங்கவிட்டு நிற்கும். முயல் ஒரு கூடையில் ஐந்து ராத்தல் கொழுந்து கொண்டுவரும். குரங்கு இன்னொரு கூடையில் நான்கு ராத்தல். மொத்தம் எவ்வளவு? இதுதான் கேள்வி. எளிய கூட்டல்.

முதல் தாளை அடித்து எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்குக் காட்டிப் பார்க்கலாம் என்று நானும் அக்காவோடு தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவில் நடக்கத் தெரிந்ததெல்லாம் அக்காவைச் சுற்றி உட்கார்ந்தது. பள்ளிவிட்டு வந்த சிலதும் ஓரத்தில் இருந்தன. அக்கா படத்தைக் காட்டி, கேள்வியைக் கேட்டார்.

"ஏழு!" என்றான் ஒரு பயல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒழுங்கா எண்ணுடா."

"ஏழுதான்."

"போடா மடையா, அஞ்சு!" என்றாள் ஒரு சிறுமி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. "ரெண்டு கூடைல்ல இருக்கு? முயல் கூடைக்கு ரெண்டு, கொரங்கு கூடைக்கு ரெண்டு. நாலு கழிக்கணும். அஞ்சு!"

"ரெண்டுதான் கழிக்கணும்!"

"எங்கம்மா கூடைக்கு ரெண்டு, எங்க அத்தை கூடைக்கு ரெண்டு. ஒனக்கு என்னா தெரியும்?"

சண்டை முற்றியது. ஏழு ஒரு கட்சி, ஐந்து ஒரு கட்சி. ஒன்பது என்று ஒரு குழந்தையும் சொல்லவில்லை.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூடைக்கு என்று இரண்டு ராத்தல் கழிப்பார். எல்லாக் கூடைக்கும், எல்லா நாளும். அந்தப் பிள்ளைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்று வளர்ந்தவை. தராசு என்றாலே இரண்டு குறையும் என்பது அவர்களுக்கு இயற்கை விதி. மேலே போட்டது கீழே விழும் என்பதுபோல.

நான், "இதுகளுக்குக் கூட்டலே வரல, அக்கா" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாப் பாத்தியா? கூட்டலும் தெரியுது, கழித்தலும் தெரியுது. கழிக்கச் சொன்னது யாருன்னுதான் தெரியல."

அந்தச் சிறுமியிடம் கேட்டார். "ஏன் புள்ள, கூடைக்கு ஏன் ரெண்டு?"

"கூடைக்கு ரெண்டுதான்."

"வெறுங்கூடையை நிறுத்துப் பாத்திருக்காங்களா?"

அவள் யோசித்தாள். மற்றக் குழந்தைகளும் யோசித்தன.

அடுத்த வாரம் புதிய பக்கம் வந்தது. கரடி, "கூடைக்கு இரண்டு" என்கிறது. முயல், "வெறுங்கூடையைத் தொங்கவிடுங்கள், பார்க்கலாம்" என்கிறது. அதற்கடுத்த படத்தில் தராசில் வெறுங்கூடை.

முதலாளி அதைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இது வேணாம்மா. இந்தக் கரடியப் பாரு. தொப்பி, அரைக்கால்சட்டை, கக்கத்துல கொடை. அப்பிடியே ஒங்க கணக்கப்பிள்ளை."

"அப்பிடியா தெரியுது?"

"எனக்கே தெரியுதுன்னா தோட்டத்துத் துரைக்குத் தெரியாதா? எனக்கு ரெண்டு மிஷினுக்குத் தீனி போடுறது தோட்டத்து வேலை. நாளைக்கு நிப்பாட்டிட்டான்னா? என்னை விடு. ஒனக்கு வேலை போனா லயத்துக் காம்பராவும் போவும். எங்க போயிப் படுப்ப?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்காவுக்கு வேறு வீடு கிடையாது. புருஷன் இல்லை. நாட்டுரிமைகூட இல்லாதவர்களுக்கு அந்த ஓர் அறைதான் நாடு. எடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மிச்சப் பக்கங்கள் போதுமே. முள்ளம்பன்றி இருக்கிறது, அட்டை இருக்கிறது.

"அந்தப் பக்கம் இல்லாட்டி புஸ்தகம் வேணாங்க" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "மிச்சமெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. இது மட்டும்தான் அதுங்களா கேட்டது." படங்களைச் சுருட்டிக் கட்டினார். மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஒரு மாதம் ஆள் வரவில்லை. நான் மூன்று கடுதாசி எழுதி மூன்றையும் கிழித்தேன். என்னவென்று எழுதுவது? பிறகு ஒருநாள் வாசலில் அதே குரல்.

"தம்பி, பக்கத்தை மாத்த மாட்டேன். கரடிய மாத்திட்டேன்."

விரித்துப் பார்த்தேன். கரடி இருந்த இடத்தில் ஒரு பெட்டைக்கோழி. குண்டுக்கோழி. வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, மூக்கில் சாய்ந்த கண்ணாடி. கக்கத்தில் பால் போத்தல். "கூடைக்கு இரண்டு" என்று அலகைத் திறந்து சொல்கிறது.

முதலாளி பார்த்தார், நான் பார்த்தேன். இருவரும் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தோம்.

"இது நீதானம்மா!"

"ஆமா. தப்புப் பண்றது கோழி. கோழி நான். இனி யாருக்குக் கோவம் வரும்?"

முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடி, டேய்" என்றார் என்னிடம்.

புத்தகம் வந்தபிறகு தோட்டத்துப் பிள்ளைகள் அவரைக் கோழியாயா என்று கூப்பிடத் தொடங்கின. அவரும் கொக்கரித்துக் காட்டுவார். பெரியவர்களும் கேலி செய்தார்கள். அதற்கு அவர் சொன்னது: "என் மூஞ்சிய வச்சுச் சிரிச்சாலும் கேள்வி உள்ள போயிரும்ல?"

கேள்வி உள்ளே போனது. முதலில் போனது எந்த வீட்டுக்குள் என்று நினைக்கிறீர்கள்? கணக்கப்பிள்ளை வீட்டுக்குள்.

நான் இரண்டாம் கட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோயிருந்த நாள். மனுஷன் தொப்பியும் குடையுமாகப் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். கையில் புத்தகம். நான் புத்தகக் கட்டைத் தொட்டிலுக்குப் பின்னால் தள்ளினேன். அக்கா கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒன்று.

"ரோசம்மா, இந்தக் கோழி யாரு?"

"நாந்தானுங்க ஐயா."

"ரெண்டு ராத்தல் கழிக்கிறது?"

"நாந்தானுங்க. கோழி புத்தி."

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு குடையை மடக்கினார். "என் மக ராத்திரி சோறு திங்க மாட்டேங்குறா. அப்பா, வெறுங்கூடைக்கு எத்தனை ராத்தல், எத்தனை ராத்தல்னு ஒரே அரிப்பு. ரெண்டுன்னு சொன்னேன். நிறுத்தீங்களான்னு கேக்குறா. எனக்கு முன்ன இருந்தவரு ரெண்டு கழிச்சாரு, நானும் கழிச்சேன். யாரு நிறுத்தா?"

"நிறுத்தாத் தெரிஞ்சிரும்ங்க."

"தெரிஞ்சிரும், தெரிஞ்சிரும். நீ மாட்டி விட்டுட்ட." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் மடுவத்தில் வெறுங்கூடையைத் தராசில் தொங்கவிட்டார். வெயில் நாள். ஒரு ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே முள் நின்றது. பெண்கள் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லையாம். அன்றைக்குக் கூடைக்கு ஒன்றுதான் கழித்தார்.

நான் துள்ளினேன். அச்சுக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பிறகு மழை தொடங்கியது. ஊறிப்போன கூடையை நிறுத்தால் இரண்டைத் தாண்டுகிறது! கணக்கப்பிள்ளை பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். "பாத்துக்கங்க, இன்னைக்கு நான் சொன்னது சரி." கேட்டதும் எனக்கு எரிந்தது. இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லப் போனேன்.

போனால், அவர் வரைந்துகொண்டிருக்கிறார். நனைந்த கூடை. அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தண்ணீருக்கும் நிறை உண்டு என்று கீழே எழுதியிருந்தார்.

"அக்கா, இது எதுக்கு? அந்தாளுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?"

"மழைக்கு வாங்குறேன்."

"ஜெயிச்சது நாம. இப்ப போயி அவரு பக்கம் பேசினா எப்பிடி?"

அவர் கரியைக் கீழே வைத்தார். "தம்பி, தராசு நமக்கு மட்டும் உண்மை சொல்லுமா? அவருக்கும் சொல்லும். அவருக்குச் சொல்றதை நாம மறைச்சா, நாளைக்கு நமக்குச் சொல்றதை அவரு நம்புவாரா?"

அந்தப் பக்கத்தையும் வெட்டினேன். தண்ணீர்த் துளிகளை மட்டும் வெட்ட ஒருநாள் போனது. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு இரண்டு என்று அந்த மடுவத்தில் இன்றும் நடக்கிறது. வேறு தோட்டங்களில் இன்னும் எல்லா நாளும் இரண்டுதான். அங்கெல்லாம் புத்தகம் போகவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பாதிரியார் வரத் தாமதம். பெட்டியை வாசலில் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் நுழைந்து வந்த ஒரு பொடியன் பெட்டியின் ஓரத்தில் கையை வைத்துச் சாண் போடத் தொடங்கினான். தாய் ஓடிவந்து கையைத் தட்டினாள். எண்ணிக்கை விட்டுப்போனதில் அவனுக்கு அழுகை. கணக்கப்பிள்ளை, "வுடும்மா. அளக்கட்டும்" என்றார். அவன் முதலிலிருந்து தொடங்கினான். நாங்கள் எல்லோரும் அவன் எண்ணி முடிக்கும்வரை நின்றோம்.

இப்போது விஷயம் இதுதான். நுவரெலியாவில் ஒரு புத்தகக்கடைக்காரர் 'காட்டுக் கணக்கு' பெருந்தொகையாகக் கேட்டிருக்கிறார். ராகலைப் பக்கத் தோட்டப் பள்ளிகளுக்கெல்லாம் போகும். நேற்று அவரே நேரில் வந்தார். நல்ல மனிதர். அக்கா இறந்ததைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். பிறகு மெதுவாக, "அந்தக் கூடைப் பக்கங்களை எடுத்துட்டா எல்லாத் தோட்டத்துக்கும் போவும். அம்மாவும் இல்ல, யாரு கேக்கப்போறா?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "அவங்க ஒங்கிட்டதானே சண்டை போட்டாங்க. நீயே சொல்லு" என்று வெற்றிலையில் இறங்கிவிட்டார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று என்ன மிச்சம் என்று கேட்டால், படம் வெட்டும் கை என்று சொல்லமாட்டேன். அது எனக்கு முன்பே இருந்தது. பொம்பள மரைக்குக் கொம்பு இல்லை என்பது மிச்சம். பிடிக்காத மனிதருக்கும் தராசு உண்மை சொல்லும் என்பது மிச்சம். அது எனக்கு இன்னும் கசப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்னால், சிரிப்பதற்கு முன்னால், அது எந்த வரிசையில் நின்றுவிட்டு வந்தது என்று இப்போது கேட்கிறேன்.

கடைக்காரரிடம், வேண்டுமானால் பாதி எண்ணிக்கை எடுங்கள், பக்கங்களை எடுக்க முடியாது என்று சொன்னேன். இரவு யோசிக்கிறேன் என்றார். காலையில் ஆள் அனுப்பியிருக்கிறார். பாதி போதுமாம். புத்தகம் முழுசாக இருக்கட்டுமாம்.

கூடைப் பக்கங்கள் இரண்டும் மிஷினில் ஏறியாகிவிட்டன. மை போடுகிற பையன் தண்ணீர்த் துளிகள்மேலெல்லாம் மையை அப்பி வைக்கிறான், மிஷின்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் போக வேண்டும்.